வாங்கியிருந்தால் மிச்சம்தானே? வெளிநாட்டுப் போரில் வாடகை ஜெனரேட்டரின் கணக்கு

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025, மாலை 6.40

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது அமெரிக்க ராணுவம் ஜெனரேட்டர், லைட் டவர் (உயரக் கம்பத்தில் விளக்கு மாட்டிய மெஷின்), ஃபோர்க்லிஃப்ட், பிக்கப் வண்டி, கழிப்பறை கேபின் என்று சகலத்தையும் வாடகைக்கு எடுத்ததாகப் படித்தேன். ஒரு வருட வாடகையைக் கூட்டிப் பார்த்தால் புதிதாகவே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அவ்வளவு பெரிய ராணுவத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கத் தெரியாதா? இது பகல் கொள்ளை என்கிறேன் நான். உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 10.15

கொள்ளை உண்டு. நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

2005 முதல் 2011 வரை குவைத்தில் ஒரு வாடகை இயந்திரக் கம்பெனியில் ரென்டல் கோஆர்டினேட்டராக இருந்தேன். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். எங்கள் மெஷின்களில் பாதிக்கு மேல் அமெரிக்க முகாம்களில்தான் ஓடின. கண் சொக்குகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

12 ஜனவரி, காலை 9.05

அமெரிக்க ராணுவத்தில் பணத்துக்கு நிறம் உண்டு என்பார்கள். அன்றாடச் செலவுக்கான பணம் ஒரு நிறம். அது அந்த நிதியாண்டுக்குள் ஒப்பந்தமாகிவிட வேண்டும். கருவி வாங்குவதற்கான பணம் இன்னொரு நிறம். அது மேலிடம் வரை போய், திட்டமாகி, ஒப்புதலாகி வர வேண்டியது. ஈராக் போர்க் காலத்தில் இரண்டுக்கும் நடுவே போட்டிருந்த கோடு 2,50,000 டாலர். அதற்கு மேல் போனால் அன்றாடப் பணத்தில் வாங்கக்கூடாது. வாடகை என்றால் அது 'சேவை'. அன்றாடப் பணத்திலேயே எடுக்கலாம். பாலைவனத்தில் அடுத்த வாரம் அறுநூறு பேர் வந்து இறங்கப் போகிறார்கள், கூடாரத்துக்கு ஏசி வேண்டும் என்று தவிக்கிற மேஜர் எந்தப் பணத்தை எடுப்பார்?

இரண்டாவது காரணம் அந்த மேஜரே வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வாங்கினால் அது சொத்துப் பதிவேட்டில் ஏறும். சீரியல் நம்பரோடு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். தொலைந்தால், உடைந்தால் அவருக்கு விசாரணை. ஊருக்குத் திரும்பும்போது அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். வாடகை மெஷின் அந்தப் பதிவேட்டிலேயே வராது. கெட்டுப்போனால் எங்களைக் கூப்பிட்டுக் கத்தினால் போதும்.

மூன்றாவது, பராமரிப்பு. ஜெனரேட்டரை வாங்கலாம். அதன் ஃபில்டரை யார் மாற்றுவது? குவைத் கோடையில் ஐம்பது டிகிரி. தூசிக்காற்று அடித்தால் ஏர் ஃபில்டர் இரண்டு நாளில் ரொட்டி மாவு மாதிரி ஆகிவிடும். மெக்கானிக், உதிரிபாகம், அவன் தங்க இடம், சாப்பாடு எல்லாம் வேண்டும். எங்கள் வாடகையில் அதெல்லாம் அடக்கம். ஒப்பந்தத்தில் 'உபகரண வாடகையும் துணைச் சேவையும்' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அந்தத் துணைச் சேவைதான் நாங்கள் உண்மையில் விற்ற சரக்கு. மெஷின் அதற்கு ஒரு சாக்கு.

ஆக, மூன்று மாதத்துக்கு வாடகைதான் சரி. ஆறு மாதத்துக்கும் சரி. வம்பு எங்கே என்றால், மூன்று மாதம் என்று எடுத்தது முடிவதில்லை. முடித்து வைப்பது யாருடைய வேலையும் இல்லை.

ஒரு முகாமில் எங்கள் லைட் டவர் ஒன்று கிடங்குக்குப் பின்னால் பதினோரு மாதம் சும்மா நின்றது. மாசம் 200 தினார். எடுத்துக்கொண்டு போ என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் பில் அனுப்பினோம், பணம் வந்தது.

12 ஜனவரி, காலை 9.30

மேலே ஒரு திருத்தம். அந்த 2,50,000 ஒரு தனி மெஷினுக்கு மட்டும் பார்ப்பதில்லை. சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குகிறவை என்றால் மொத்த விலையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நாற்பது ஜெனரேட்டரை நாற்பது சீட்டாக உடைத்து வாங்கினால் தணிக்கையில் மாட்டுவார்கள். இன்னொன்று, சில வருடங்களுக்கு முன்பு இந்த வரம்பை உயர்த்திவிட்டார்கள். நான் சொல்வது என் காலத்துக் கணக்கு.

14 ஜனவரி, இரவு 8.50

"எல்லாமே கேபிஆர் என்ற ஒரே கம்பெனிக்குத்தானே போனது, அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செனியின் பழைய கம்பெனியான ஹாலிபர்ட்டனோடு சேர்ந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

முகாமுக்கு வேண்டிய சேவைகளை ராணுவம் தனியார் கம்பெனியிடம் மொத்தமாக ஒப்படைக்கிற ஏற்பாடு அது, பெயர் லாக்கேப். 1985-இல் திட்டமாக ஆரம்பித்தது. 1992-இல் முதல் பெரிய ஒப்பந்தம் பிரவுன் அண்ட் ரூட்டுக்குப் போனது, அதுதான் பின்னாளில் கேபிஆர் ஆனது. அந்தக் கையோடு சோமாலியாவில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு வேலை. 2001 டிசம்பரில் மூன்றாவது லாக்கேப், அது முழுக்க கேபிஆருக்கு. ஈராக் போரின் பெரும்பகுதி அதில்தான் நடந்தது. ஒரே ஆளிடம் கொடுத்ததற்கு வாங்கிய திட்டில்தான் நான்காவதை கேபிஆர், டைன்கார்ப், ஃப்ளூர் என்று மூன்று பேருக்குப் பிரித்தார்கள். 2019-இல் ஐந்தாவது வந்தபோது அது நான்கு பேர் ஆனது.

இதெல்லாம் மேல்தட்டு. முதன்மை ஒப்பந்தக்காரர் சமையல், துணி வெளுப்பு, குடிநீர், மின்சாரம், கழிவு எல்லாம் பார்ப்பதாக எழுதிக் கொடுப்பார். அவரிடம் லைட் டவர் இருக்காது. கீழே ஒரு கம்பெனியிடம் கேட்பார். அது இன்னொன்றிடம் கேட்கும். நாங்கள் மூன்றாவது படியில் இருந்தோம். நான் 200 தினாருக்குக் கொடுத்தது மேலே போய்ச் சேரும்போது என்ன விலை ஆனது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விடவும் மாட்டார்கள்.

மேல்தட்டுக்கு ஒப்பந்தம் எப்படியென்றால், ஆன செலவு அவ்வளவும் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் கட்டணம். மூன்றாவது லாக்கேப்பில் அடிப்படைக் கட்டணம் 1 சதவீதம், நன்றாகச் செய்தால் இன்னும் 2 வரை. ஆகவே செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். வாடகையைக் குறைக்க அவருக்கு எதற்கு அக்கறை வரப்போகிறது?

கீழ்ப்படிக்கு அந்தச் சுகமெல்லாம் கிடையாது. எங்களுக்கு நிலையான மாத வாடகை, அதுவும் 'எனக்கு வந்தால் உனக்கு' என்ற கணக்கு. முப்பது நாளில் பணம் தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அது அரசு முதன்மைக் கம்பெனிக்குத் தருவதற்கு. மூன்றாவது படிக்கு நூற்றிருபது நாள் ஆன மாதங்கள் உண்டு. அந்த நான்கு மாதமும் டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் சம்பளம் கம்பெனிக் கையிலிருந்து போகும். அந்த வட்டியையும் வாடகையில் ஏற்றித்தான் வைப்பார்கள். 'ஏன் இவ்வளவு விலை' என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

15 ஜனவரி, காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. 'செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும்' என்று அப்படியே சொல்லக்கூடாது. செலவின் சதவீதமாகக் கட்டணம் தருவதை அமெரிக்கச் சட்டம் தடை செய்திருக்கிறது. முன்கூட்டி ஒத்துக்கொண்ட மதிப்பீட்டின் மேல்தான் அந்த 1 சதவீதம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். போர் அவசரத்தில் வேலையை முதலில் தொடங்கிவிடுவார்கள், மதிப்பீட்டை மாதக்கணக்கில் கழித்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்குள் பாதிக்கு மேல் செலவாகியிருக்கும். ஆன செலவைப் பார்த்து எழுதுகிற மதிப்பீடு எப்படி இருக்கும்? சட்டத்தில் தப்பு இல்லை. தேதியில்தான் தப்பு.

15 ஜனவரி, இரவு 9.40

கனமாகப் போகிறது, கொஞ்சம் சிரிக்கலாம்.

நான் சேர்ந்த புதிதில் '10கே ஃபோர்க்லிஃப்ட் ஒன்று அவசரம்' என்று ஒரு கோரிக்கை வந்தது. எங்கள் யார்டுக்காரர் பத்து டன் ஃபோர்க்லிஃப்டை லோபெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார். அமெரிக்கன் சொன்ன 10கே பத்தாயிரம் பவுண்டு. நாலரை டன்தான். மெஷின் கிடங்கு வாசலிலேயே நுழையவில்லை. மாற்றித் தருகிறேன் என்று ஓடினேன். சார்ஜென்ட் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றார். வெளியில் கண்டெய்னர் தூக்க வைத்துக்கொண்டார். நாலரை டன்னுக்கு இன்னொரு ஆர்டரும் போட்டார். என் தப்புக்கு இரட்டை வாடகை!

அப்புறம் ஹெர்ட்ஸ் கதை. குவைத் மின்சாரம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவர்கள் சாமான் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்கள் ஜெனரேட்டர் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் 50, 1800-இல் ஓடினால் 60. ஆர்டரில் ஹெர்ட்ஸ் எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் வழக்கப்படி 50-இல் வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி வோல்டேஜை மட்டும் இறக்கிக் கொடுத்தோம். விளக்கு எரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஒருவர் சுவரில் சொருகுகிற அலாரம் கடிகாரம் வைத்திருந்தார். அந்த ரகம் கரண்டின் அலையை எண்ணித்தான் நேரம் காட்டும். 60 எண்ண வேண்டிய இடத்தில் 50 எண்ணினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இரவு பத்துக்குத் தூங்கப் போனவர் காலை அணிவகுப்புக்கு எத்தனை மணிக்கு வந்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 2008 ஜனவரியில் பாக்தாத் முகாம் ஒன்றில் குளித்துக்கொண்டிருந்த ஒரு சிப்பாய் மின்சாரம் தாக்கி இறந்தார். தண்ணீர் மோட்டாருக்குச் சரியான எர்த் இல்லை. அதன்பிறகு எங்கள் கழிப்பறை கேபின் ஒவ்வொன்றிலும் எர்த் ராடு இருக்கிறதா என்று மீட்டரோடு வந்து பார்த்தார்கள். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

18 ஜனவரி, மாலை 5.30

"மெஷின் எடுக்கும்போதே தேதி எழுதிவிட்டால் தானாக முடிந்துவிடாதா?" கேட்டவர் இந்தத் தொழிலில் இல்லாதவர், ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

வாடகையில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனிச் சடங்கு உண்டு. ஆன்-ஹையர், அதாவது வாடகை தொடங்குகிற அன்று இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் எவ்வளவு, டயர் எப்படி, கண்ணாடியில் கீறல் உண்டா, எரிபொருள் எத்தனை. எல்லாம் எழுதி, படம் எடுத்து, கையெழுத்து. இந்தக் கையெழுத்து எப்போதும் கிடைக்கும், ஏனென்றால் மெஷின் அவர்களுக்கு வேண்டும். ஆஃப்-ஹையருக்கு, அதாவது வாடகையை முடித்து வைக்க, ஆள் கிடைக்காது. எங்கள் தாளில் போட்டிருந்தது இதுதான்: மூன்று மாதம் குறைந்தபட்சம், அதன்பின் எழுத்தில் அறிவிக்கும் வரை மாதாமாதம் நீளும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறதல்லவா. இந்த ஒரு வரியில்தான் நாங்கள் பிழைத்தோம்.

ராணுவப் பக்கம் இதைப் பார்க்க வேண்டியவர் ஒப்பந்த அதிகாரியின் பிரதிநிதி. சிஓஆர் என்பார்கள். அவருக்கு அது உபரி வேலை. சமையல் மேற்பார்வையோ வண்டி மேற்பார்வையோதான் அசல் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு பாடம் படித்துவிட்டு வந்து, இருபது ஒப்பந்தத்துக்கு அவரே சாட்சி. பன்னிரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார். 2007 ஏப்ரலில் அதைப் பதினைந்து மாதமாக்கினார்கள், அடுத்த வருடம் திரும்ப பன்னிரண்டு. வரும் ஆளுக்கும் போகும் ஆளுக்கும் ஒப்படைப்பு ஒரு வாரம், பத்து நாள். துப்பாக்கியையும் ரேடியோவையும் எண்ணி வாங்குவார்கள். வாடகை லைட் டவரை எண்ண மாட்டார்கள், அது பதிவேட்டில் இல்லையே.

ஒப்பந்த ஆட்கள் போதாது, பயிற்சி போதாது என்று அமெரிக்கர்களே 2007-இல் கான்ஸ்லர் குழு அறிக்கையில் எழுதினார்கள். எங்கள் யார்டில் டீ போடும் பையனுக்கே அது தெரியும்.

சரி, ஆஃப்-ஹையர் அறிவிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மெஷின் முகாம் வாசலைத் தாண்ட வேண்டும். உள்ளே வந்தபோது எழுதிய சீரியல் நம்பரும் வெளியே போகிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை எங்கள் கம்ப்ரசரின் நம்பரில் இருந்த பூஜ்ஜியத்தை வாசல்காரர் ஆங்கில 'ஓ' என்று பதிந்திருந்தார். மூன்று வாரம் வெளியே விடவில்லை. அந்த மூன்று வார வாடகை யார் தலையில் என்று இரண்டு மாதம் மின்னஞ்சல் சண்டை. கடைசியில் பாதிக்குப் பாதி.

எரிபொருளும் ஒரு தலைவலி. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஜேபி-8 ஊற்றுவார்கள். விமானத்துக்கும் அதுவே, டாங்கிக்கும் அதுவே, ஜெனரேட்டருக்கும் அதுவே. மண்ணெண்ணெய் ரகம். டீசலைவிட வழுவழுப்புக் குறைவு. டீசல் பம்ப் அந்த எண்ணெயிலேயே தன்னைத் தடவிக்கொண்டு ஓடுகிற ஜாதி, ஆகவே சீக்கிரம் தேயும். முதல் வருடம் பம்ப் மாற்றி மாற்றி எங்கள் லாபமே போனது. இரண்டாம் வருடம் வாடகையில் சேர்த்துக்கொண்டோம். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அது அநியாய விலை.

19 ஜனவரி, காலை 6.55

பழைய டைரியைப் புரட்டினேன். அந்த லைட் டவர் பதினோரு மாதம் இல்லை, பதினான்கு மாதம். 2007 செப்டம்பரில் கொடுத்து 2008 நவம்பரில் எடுத்திருக்கிறோம். டிசம்பரில் முகாமுக்குப் புது யூனிட், அதாவது புதுப் படைப்பிரிவு, வந்தது. அன்றிலிருந்து எண்ணிப் பதினோரு மாதம் என்று மனதில் போட்டு வைத்திருந்தேன். ஆக 2,200 தினார் இல்லை, 2,800. அப்போது புது டவரே 2,600-க்குக் கிடைத்தது. கேள்வி கேட்டவர் ஜெயித்தார், போங்கள்.

22 ஜனவரி, இரவு 10.30

"நீங்கள் மறதி மறதி என்று பூசி மெழுகுகிறீர்கள், லஞ்சத்தைப் பற்றிப் பேசவே இல்லை" என்று குற்றச்சாட்டு. சரி, பேசுவோம்.

குவைத்தில் ஆரிஃப்ஜான் முகாமில் 2004, 2005-இல் ஒப்பந்த அதிகாரியாக இருந்த மேஜர் ஜான் காக்கர்ஹாம் பாட்டில் தண்ணீர் முதலான ஒப்பந்தங்களுக்கு லட்சக்கணக்கான டாலர் லஞ்சம் வாங்கினார். 2009 டிசம்பரில் பதினேழரை வருடச் சிறைத் தண்டனை. அந்தச் செய்தி வந்த வாரம் குவைத்தில் வாடகைக்காரர்கள் யாரும் ஃபோனில் அதிகம் பேசவில்லை. அதுக்கு மேல் சொல்ல வேண்டாம்.

கடல் பக்கம் இதைவிடப் பெரிய கதை. கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் இழுவைப் படகு, மோதாமல் இருக்க ஃபெண்டர், குடிநீர்ப் படகு, கழிவு உறிஞ்சுகிற படகு, கரையில் வண்டி எல்லாம் நாலைந்து நாளைக்கு மட்டும் வேண்டும். அதுவும் உபகரண வாடகையும் துணைச் சேவையும்தான். மலேசியாவைச் சேர்ந்த லெனார்ட் கிளென் ஃபிரான்சிஸ் ஆசியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கடற்படையின் ஏழாவது கப்பற்படைக்கு இதைச் செய்துகொடுத்தார். அதிகாரிகளைக் கையில் போட்டுக்கொண்டு, கப்பல்களைத் தனக்குத் தோதான துறைமுகத்துக்குத் திருப்பினார். கழிவு அகற்றுவதற்குப் போட்ட பில்லைப் பார்த்தால் பன்னீரைத்தான் அள்ளினார்களோ என்று தோன்றும். 2013 செப்டம்பரில் சான் டியேகோவில் கைது, 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2022-இல் காலில் கட்டியிருந்த கண்காணிப்புப் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டு ஓட்டம். வெனிசுவேலாவில் பிடித்து, 2023 டிசம்பரில் கொண்டுவந்து, 2024 நவம்பரில் பதினைந்து வருடம் கொடுத்தார்கள்.

இவை திருட்டு. சுவையாக இருக்கும், செய்தியாகும். ஆனால் ஈராக், ஆப்கானிஸ்தான் ஒப்பந்தங்களை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட ஆணையம் 2011 ஆகஸ்டில் கொடுத்த கடைசி அறிக்கையில், வீணும் மோசடியுமாகப் போனது 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது. மோசடியை மட்டும் பார்த்தால் வீணில் போனது கண்ணில் படாது. கையெழுத்துப் போட ஆள் இல்லாத தாள்கள் எத்தனையோ அந்தக் கணக்கில் இருக்கின்றன.

25 ஜனவரி, மதியம் 1.10

ஐநா அமைதிப்படை இதை ஒழுங்காகச் செய்கிறது என்று ஒருவர், முன்னாள் ராணுவத்தார் போலிருக்கிறது, எழுதியிருக்கிறார். அவர் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அங்கே ஐநா வெளியில் போய் வாடகைக்கு எடுப்பது ஒரு பக்கம். படை அனுப்புகிற நாடே தன் வண்டியையும் ஜெனரேட்டரையும் கொண்டுவந்து ஐநாவுக்கு வாடகைக்கு விடுவது இன்னொரு பக்கம். 1996-லிருந்து இந்த முறை. வெட் லீஸ் என்றால் பராமரிப்பும் உதிரிபாகமும் அந்த நாட்டின் பொறுப்பு, அதனால் வாடகை அதிகம். டிரை லீஸ் என்றால் மெஷின் மட்டும். விகிதங்கள் எல்லாம் ஒரு கையேட்டில் அச்சடித்து இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து திருத்துவார்கள். வந்ததும் ஒரு சோதனை, அவ்வப்போது சோதனை, கிளம்பும்போது ஒரு சோதனை. ஒத்துக்கொண்ட எண்ணிக்கையில் 90 சதவீதமாவது ஓடும் நிலையில் இல்லாவிட்டால் பணத்தை வெட்டுவார்கள். கடுமையான தட்பவெப்பம், தாக்குதல் அபாயம் இவற்றுக்கெல்லாம் தனித்தனியாகச் சில சதவீதம் கூட்டித் தருவார்கள். நாங்கள் தூசியையும் ஜேபி-8-ஐயும் வாடகைக்குள் ஒளித்து வைத்தோம். அவர்கள் வெளிப்படையாகத் தனி வரியில் எழுதுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. பணி முடிந்துவிட்டது என்று அறிவித்த தேதி வரைதான் முழு வாடகை. அதற்குப்பின் மெஷின் அங்கிருந்து கிளம்பும் வரை பாதி. பாதி என்றதும் எல்லாருக்கும் கால் முளைக்கும். எங்கள் தாளில் அந்த வரி இருந்திருந்தால் அந்த டவர் பதினான்கு மாதம் நின்றிருக்காது.

ஆனால் ஐநாவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். உறுப்பு நாடுகள் பாக்கி வைத்தால் ஐநாவும் படை அனுப்பிய நாடுகளுக்குப் பாக்கி வைக்கும். இந்தியாவுக்கு அதில் நெடுநாள் அனுபவம் உண்டு.

2 பிப்ரவரி, இரவு 9.15

இழை எங்கோ போய்விட்டது, என் பங்கும் அதில் உண்டு. இருந்தாலும் தனிச்செய்தியில் ஒரு தம்பி கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், நாலு பேருக்கு உதவும். ஏதோ ஒரு நாட்டில் ராணுவ முகாமில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை, ஏஜென்டுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள், போகலாமா என்று.

தம்பி, அமெரிக்க அரசு ஒப்பந்தமாக இருந்தால் வேலைக்காரனிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதே தடை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் தடை. ஈராக்கில் 2006-இலேயே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணை போட்டார்கள், 2012-இல் ஒபாமா உத்தரவு இன்னும் இறுக்கியது. இரண்டும் வந்ததற்குக் காரணம் அது தாராளமாக நடந்ததுதான். 2004 ஆகஸ்டில் ஜோர்டானிலிருந்து ஈராக் முகாம் வேலைக்குப் போன பன்னிரண்டு நேபாளிகளை வழியில் பிடித்துக் கொன்றார்கள். அதே கோடையில் குவைத் லாரிக் கம்பெனி ஒன்றின் ஏழு டிரைவர்கள் பிணைக்கைதிகள், அதில் மூவர் இந்தியர்கள். செப்டம்பர் முதல் தேதி உயிரோடு விட்டார்கள். அப்போதுதான் நம் பாஸ்போர்ட்டில் 'ஈராக்குக்குச் செல்லாது' என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகும் எல்லை தாண்டியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றைக் குறித்து வைத்துக்கொள். 1941-இல் போட்ட டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் அவர்கள் ராணுவ ஒப்பந்த வேலையில் அடிபட்டாலோ இறந்தாலோ நஷ்டஈடு. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், எத்தனையாவது படி கம்பெனியாக இருந்தாலும் பொருந்தும். அமெரிக்கர் அல்லாதவருக்கு மீதித் தொகையைப் பாதியாக்கி மொத்தமாகக் கொடுத்து முடிக்கவும் அதே சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள், அதையும் தெரிந்துகொள். எங்கள் மெக்கானிக் ஒருவருக்கு ஜெனரேட்டர் விசிறியில் இரண்டு விரல் போனது. இப்படி ஒரு சட்டம் இருப்பதே அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து டிக்கெட் போட்டு அனுப்பியது. அந்தச் சட்டத்தின் பெயரை நான் முதலில் கேட்டது 2012-இல், வேலையை விட்டு வந்தபிறகு.

3 பிப்ரவரி, காலை 8.00

விரல் போனவர் என்ன ஆனார் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஊரில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறார். நன்றாக இருக்கிறார். கேட்டால் எட்டு விரலுக்கு இது போதும் என்பார்.

9 பிப்ரவரி, இரவு 11.20

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஒரே வரி: "அந்த லைட் டவர் சும்மா நிற்பது உங்களுக்குத் தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை?"

ஒரு வாரமாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

மேலாளரிடம் சொன்னேன். அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், நாம் பில் போடுகிறோம், மூன்றாவது படியில் இருந்துகொண்டு முதல் படிக்குப் புத்தி சொல்லப் போகிறாயா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு அப்போது பட்டது. இதுதான் நான் வழக்கமாகச் சொல்கிற பதில். இதோடு நிறுத்தியிருப்பேன்.

டைரியைத் தேடியபோது பழைய மெமரி கார்டு ஒன்றும் கிடைத்தது. டவரைத் திரும்ப எடுத்த அன்று நான் பிடித்த படம் அதில் இருக்கிறது. மணி மீட்டர் 1,987. கொடுத்த அன்று டைரியில் குறித்தது 1,912. எழுபத்தைந்து மணி நேரம். ஒரு ராத்திரிக்குப் பதினோரு மணி நேரம் என்றால் ஏழு ராத்திரிகூட முழுதாக எரியவில்லை. புது யூனிட்டுக்குத் தெரியாமல் போனது, பொறுப்பு மாறியதில் தவறியது என்றெல்லாம் மேலே எழுதினேனே, அது தப்பு. கேட்டு வாங்கியவர்களே ஒரு வாரம் எரித்துவிட்டுக் கிடங்குக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். 250 மணிக்கு ஒரு சர்வீஸ் என்று எங்கள் மெக்கானிக் மாதாமாதம் போய் மீட்டரைப் பார்த்தார். வந்து என்னிடம் சொன்னார். பதிமூன்று மாதம் அதே எண்.

கையெழுத்து விஷயமும் ஒன்று பாக்கி. லைட் டவருக்கென்று தனியாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. அந்த முகாமில் எங்கள் மெஷின் மொத்தம் நாற்பத்திரண்டு. மாத முடிவில் எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். சார்ஜென்ட் கடைசியில் ஒரே ஒரு கையெழுத்துப் போடுவார். டவர் 31-ஆவது வரி. போன மாதத் தாளைத் திறந்து, மேலே மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி, பிரின்ட் எடுப்பேன்.